அப்பத்தா விழுங்கிய சிலந்தி

போன மாதம் ஒருநாள் இரவு என் மகள் வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து விளக்கம் வந்தது. மனிதர்கள் தூங்கும்போது வருஷத்துக்கு எட்டுச் சிலந்திகளை விழுங்கிவிடுகிறார்களாம். ஸ்கூல் வேனில் வரும் ஆறாம் வகுப்பு அக்கா சொல்லியிருக்கிறாள். “சும்மா சொல்லலப்பா. ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க.”

கோடம்பாக்கத்தில் ரங்கராஜபுரம் பக்கம், நாற்பது வருஷப் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். சிலந்திக்குப் பஞ்சமில்லாத வீடு. பரண் மூலையில் நூல் போன்ற கால்களோடு தலைகீழாகத் தொங்கும் கூட்டம் ஒன்று. ஜன்னல் கம்பியில் ஈப்புலி. அது வலை கட்டிக் காத்திருக்காது, பூனை மாதிரிப் பதுங்கி ஈயின் மேல் பாயும். பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, நடுராத்திரியில் கரப்பான் தேடி வரும். ஆகவே கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டிருக்கிறது. இத்தனை சிலந்தி, இரவு முழுக்கத் திறந்த வாய். வருஷத்துக்கு எட்டு என்பது குறைச்சல்கூட.

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன். ஒரு பிழை தெரிந்தால், அது எந்தத் தேதியில் யார் கை வழியாக உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கித் தேடிப்போவது எங்கள் தொழில். “இரு, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்துடலாம்” என்று மடிக்கணினியைத் திறந்தேன். அந்தத் தேடல் என் அப்பத்தாவின் கணுக்காலில் போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

அப்படி ஓர் ஆய்வே கிடையாது. யோசித்தால் ஏன் என்று தெரியும். அதை நடத்த வேண்டுமானால் நூற்றுக்கணக்கான பேரைப் பல இரவுகள் தூங்கவைத்து, ஒவ்வொருவர் வாய்க்கும் ஒரு காவலாளியைப் போட வேண்டும். சிலந்தியின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. அதற்கு உலகம் என்பதே பெரும்பாலும் அதிர்வுதான். கால்களில் இருக்கும் நுண்ணிய பிளவுகள் வழியாக மிகச் சிறிய நடுக்கத்தையும் உணர்ந்துவிடும். தூங்கும் மனிதன் என்பவன் இதயம் துடிக்கிற, மூச்சு சீறுகிற, நடுநடுவே குறட்டையால் அதிர்கிற ஒரு மலை. அந்த மலையில் ஈரமும் வெப்பக்காற்றும் வெளியேறும் குகைக்குள் தானாக நடந்துபோக எந்தச் சிலந்திக்கும் காரணமில்லை. சியாட்டிலில் இருக்கும் பர்க் அருங்காட்சியகத்தின் சிலந்தி வல்லுநர் ராட் கிராஃபோர்ட் இப்படிப்பட்ட கட்டுக்கதைகளுக்குப் பதில் சொல்வதையே பல வருஷ வேலையாக வைத்திருந்தவர். அவர் சொல்வதும் இதுதான். ஒருபோதும் நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. வருஷத்துக்கு எட்டு என்பது வெறும் கற்பனை.

சரி, கற்பனை என்றால் யாருடையது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. கட்டுக்கதைகளை ஆராய்ந்து பொய்யா மெய்யா என்று சொல்லும் ஸ்னோப்ஸ் என்ற அமெரிக்கத் தளம் இதற்கு ஒரு பூர்வீகம் எழுதியிருந்தது. 1993இல் லிசா ஹோல்ஸ்ட் என்ற பத்தி எழுத்தாளர் ஒரு கணினிப் பத்திரிகையில், மின்னஞ்சலில் வருவதை எல்லாம் மக்கள் எப்படி நம்புகிறார்கள் என்று காட்ட, வேண்டுமென்றே சில அபத்தத் ‘தகவல்களை’ப் பட்டியலிட்டாராம். எட்டுச் சிலந்தி அதில் ஒன்று. அதை அவர் 1954இல் வந்த ஒரு பூச்சி நாட்டார்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தாராம். பொய் என்று காட்டச் சொன்ன பொய்யே உண்மையாகப் பரவிவிட்டது. அழகான முரண். செய்தித்தாள்களும் புத்தகங்களும் இந்த விளக்கத்தை எடுத்து எடுத்து எழுதின.

பிறகு சிலர் அந்தக் கட்டுரையைத் தேடிப் போனார்கள். கிடைக்கவில்லை. லிசா ஹோல்ஸ்ட் என்று ஒருவர் எழுதிய வேறு எதுவுமே கிடைக்கவில்லை. அவருடைய முழுப்பெயர் லிசா பிர்கிட் ஹோல்ஸ்ட் என்று கொடுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் பதினைந்து எழுத்துகளையும் மாற்றி அடுக்கினால் ‘திஸ் இஸ் எ பிக் ட்ரோல்’ என்று வரும். ‘இது பெரிய கிண்டல்’ என்று அர்த்தம். அதாவது பொய்யைத் தோலுரித்த விளக்கமும் ஒரு பொய். எதையும் சரிபார்க்காமல் நம்பாதே என்று பாடம் சொல்வதற்காக அந்தத் தளம் வேறு சில போலி விளக்கங்களையும் எழுதி வைத்திருந்தது உண்டு. சிலந்தியை நம்பாத புத்திசாலிகள் லிசாவை நம்பினார்கள்.

இதை மகளுக்குச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். 2006இல், பொறியியல் முதலாமாண்டில், எங்கள் வகுப்பின் யாஹூ குழுவில் ‘உங்களுக்குத் தெரியுமா’ என்று பதினைந்து தகவல்களை அனுப்பியவன் நான். எட்டுச் சிலந்தி அதில் இருந்தது. எனக்கு வந்தது, நான் அனுப்பினேன். ஆங்கிலத்தில் இருந்தது, எண் இருந்தது, ‘சராசரியாக’ என்ற சொல் இருந்தது. வேறென்ன வேண்டும்?

மகள் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுத் தூங்கிப்போனாள். வெற்றிக் களிப்போடு ஹாலுக்கு வந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அப்போ உங்க அப்பத்தா முழுங்குனது என்னடா?”

*

இந்தக் கேள்விக்கு என் முதல் எதிர்வினை என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமான எதிர்வினைதான். ‘ஆரம்பிச்சாச்சு பழங்கதை’ என்ற சலிப்பு. சிலந்தி பற்றி நம் வீடுகளில் இல்லாத கதையா?

உதட்டோரத்தில் ஒரு கொப்புளம் வந்தால் அம்மா சொல்வாள்: “எட்டுக்கால் பூச்சி ஒன்னுக்குப் போயிருக்கும்.” இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். சுஸ்ருத சம்ஹிதையில் சிலந்திக்கு ‘லூதா’ என்று பெயர். பதினாறு வகை லூதாக்கள் சொல்லப்படுகின்றன. அவற்றின் நஞ்சு பல்லால் மட்டும் பரவுவதில்லை. எச்சில், நகம், சிறுநீர், மலம் என்று ஏழு வழிகளின் பட்டியல் அதில் இருக்கிறது. என் அம்மா சுஸ்ருதர் வாசித்தவள் அல்ல. ஆனால் அந்தப் பட்டியலின் ஒரு வரி எப்படியோ ரங்கராஜபுரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

உண்மையில் இரவில் தோலில் கோடு போட்ட மாதிரி எரிந்து கொப்புளிக்கும் பல புண்களுக்குக் காரணம் சிலந்தியே அல்ல. மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடி வரும், எறும்பு அளவிலான, ஆரஞ்சும் கறுப்புமான ஒரு சிறு வண்டு அது. பெடரஸ் என்பார்கள். கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் நாம் அதைக் கழுத்தில் வைத்து நசுக்கும்போது அதன் உடல்நீரில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலைப் பொசுக்கிவிடும். வண்டு செய்ததற்குக் காலங்காலமாகப் பழி சுமப்பது சுவரில் சும்மா இருக்கும் சிலந்தி.

உடம்பின் துவாரத்துக்குள் சிலந்தி புகும் கதையும் நமக்கு உண்டு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாமலிருக்கச் சிலந்தி ஒன்று வலையால் விதானம் கட்டியது. நீர் கொண்டுவந்து பூசிக்கும் யானைக்கு அது அசுத்தமாகப் பட்டது. அறுத்து எறிந்தது. கடைசியில் கோபம்கொண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டுமே மாண்டன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பெரியபுராணம் சொல்லும், யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது என்பார்கள். போன பிறவிப் பகையைக் கட்டடக்கலையில் தீர்த்துக்கொண்ட அரசன்.

அப்பத்தாவின் சிலந்தியையும் இந்த வரிசையில்தான் நான் வைத்திருந்தேன். கொஞ்சம் புராணம், கொஞ்சம் நாட்டு வைத்தியம்.

அவள் கதை இதுதான். மதுரைக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில், ஊருணித் தண்ணீரை நம்பி இருந்த ஊர். 1950களின் நடுவில், என் அப்பா அவள் வயிற்றில் இருந்தபோது, இடது கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். அது உடைந்ததும் உள்ளேயிருந்து வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. ஊர் வைத்தியர் அதை ஒரு குச்சியில் சுற்றிவைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். அறுந்தால் கால் போய்விடும் என்று அசையாமல் படுக்கச் சொன்னார். முழுசாக வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த வருஷக் கதிரறுப்புக்கு அவள் போகவில்லை. கூலியும் இல்லை. “செலந்தி தண்ணியோட உள்ள போயிருச்சுய்யா. ஒரு வருஷம் உள்ளயே இருந்து வளந்து, காலு வழியா பொறப்பட்டு வந்துச்சு” என்பாள். சேலையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டுவாள். பளபளவென்று, சப்பையாக, இருபத்தைந்து பைசா அளவுக்கு இருக்கும்.

2001இல் எனக்கு எட்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். பொங்கலுக்கு வீடு நிறைய உறவினர்கள். யாரோ ஒரு சித்தியிடம் அப்பத்தா இந்தக் கதையைத் தொடங்க, நான் நடுவில் புகுந்தேன். “அப்பத்தா, சிலந்தி தண்ணில விழுந்தா செத்துரும். வயித்துல அமிலம் இருக்கு, அதுல கரைஞ்சுரும். சிலந்தி வேற, புழு வேற. இதெல்லாம் மூடநம்பிக்கை.” எல்லோரும் சிரித்தார்கள். ‘சயின்டிஸ்ட்டு’ என்று மாமா முதுகில் தட்டினார். அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு என் காதுபட அந்தக் கதையை அவள் சொன்னதில்லை. 2009இல் இறந்துபோனாள்.

*

அன்றிரவு அம்மா கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. ‘சிலந்தி’க்கு அகராதியைப் பிரித்தேன். முதல் பொருள், எட்டுக்கால் பூச்சி. அடுத்து, புண், கட்டி. அப்புறம் கொஞ்சம் தள்ளி, ‘நரம்பு’ என்ற சொல்லின் கீழே: நரம்புச் சிலந்தி. ஆங்கிலத்தில் கினிப் புழு.

சிலந்தி என்பது அங்கே பூச்சியின் பெயரே அல்ல, புண்ணின் பெயர். நரம்பு போன்ற ஒன்று வெளியே வரும் புண். அப்பத்தா எட்டுக்கால் பூச்சியை விழுங்கியதாக ஒருநாளும் சொல்லவில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். அவள் தமிழ் எனக்குத் தெரியவில்லை என்பதை அவள் அறிவியல் தெரியாதவள் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தப் புழுவைப் பார்த்த இடமெல்லாம் மனிதர்களுக்கு நரம்புதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அரபு மருத்துவர்கள் ‘மதீனா நாளம்’ என்றார்கள். அறிவியல் பெயரான டிராகன்குலஸ் மெடினென்சிஸ் என்பதில் அந்த மதீனா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எகிப்திய மம்மி ஒன்றில் சுண்ணாம்பாகிப்போன கினிப் புழு கிடைத்திருக்கிறது. குச்சியில் புழுவைச் சுற்றும் இந்த வைத்தியம்தான் கிரேக்க மருத்துவக் கடவுளின் பாம்பு சுற்றிய தண்டமாகி, இன்று மருத்துவர்களின் சின்னமாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உறுதியான ஆதாரம் இல்லை. லிசா ஹோல்ஸ்டுக்குப் பிறகு இந்த மாதிரி அழகான கதைகளைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.

புழுவின் வாழ்க்கைச் சுற்றுக்கு எந்த அலங்காரமும் தேவையில்லை. குளத்து நீரில் சைக்ளோப்ஸ் என்ற உயிரி உண்டு. இறால், நண்டு வகையறா, ஆனால் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒற்றைக் கண் உள்ளதால் கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். கினிப் புழுவின் குஞ்சுகளை அது தின்னும். அதை நாம் தண்ணீரோடு குடிப்போம். வயிற்று அமிலம் சைக்ளோப்ஸைத்தான் கொல்லும். உள்ளே இருக்கும் குஞ்சுகள் தப்பித்துக் குடல் சுவரைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். ஆண் புழு சீக்கிரம் செத்துவிடும். பெண் புழு சுமார் ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்வரை ஆகி, பெரும்பாலும் காலை நோக்கி இறங்கும். தோலில் எரிகிற ஒரு கொப்புளத்தை உண்டாக்கும்.

எரிச்சல்தான் அதன் தந்திரம். எரிச்சல் தாங்காமல் மனிதர் காலைத் தண்ணீரில் வைப்பார். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடைந்து, புழு லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கொட்டும். ஊருணிப் படியில் இறங்கிக் குடத்தை முக்குகிற பெண்ணின் காலிலிருந்து, அதே ஊருணியின் சைக்ளோப்ஸுக்கு. அங்கிருந்து அதே ஊரின் குடங்களுக்கு. வெயில் காலத்தில் நீர் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் தண்ணீரில் சைக்ளோப்ஸ் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீரோடு உள்ளே போனது. ஒரு வருஷம் உள்ளே இருந்தது. கால் வழியாகப் புறப்பட்டது. அப்பத்தா சொன்ன மூன்றும் வரிக்கு வரி சரி. அமிலத்தில் கரைந்துவிடும் என்று நான் சொன்னதுதான் தவறு.

*

அவளுக்குத் தெரிந்த இந்த விஷயத்துக்கு அறிவியல் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ராணுவ மருத்துவர்கள் சிப்பாய்களின் கால்களில் இதை நிறையப் பார்த்தார்கள். புழு நீரிலிருந்து தோலைத் துளைத்து நுழைகிறதா, குடிநீர் வழியாகப் போகிறதா என்பது பெரிய விவாதம். தோல் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சியும் இருந்தது. தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்திகளுக்கு, பை உரசும் முதுகிலும் புழு வந்தது. பார்த்த தகவல் சரியாக இருந்தும், அதிலிருந்து எடுத்த முடிவு தவறாகிப்போனது.

1870ல் ரஷ்ய ஆய்வாளர் ஃபெட்செங்கோ துருக்கிஸ்தானில், புழுவின் குஞ்சுகள் சைக்ளோப்ஸுக்குள் போய் வளர்வதை உருப்பெருக்கியில் பார்த்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் லைப்பர், தொற்றுள்ள சைக்ளோப்ஸை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டார். சைக்ளோப்ஸ் செத்தது, குஞ்சுகள் துள்ளி வெளியே வந்தன. எட்டாம் வகுப்பு விஞ்ஞானியின் வாதம் நான் பிறப்பதற்கு எண்பது வருஷம் முன்பே ஒரு கண்ணாடிக் குடுவையில் தோற்றுப்போயிருந்தது. 1930களில் மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா பகுதியில் வி. என். மூர்த்தி, சைக்ளோப்ஸைத் தின்னும் சிறு மீன்களைப் படிக்கிணறுகளில் விட்டு நோயைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்.

காரணம் தெரிந்துவிட்டது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. இரண்டும் இன்றுவரை இல்லை. இருந்த ஒரே வழி, குடிக்கும் தண்ணீரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயிரியை விலக்குவது. அது யாருக்கு எப்போது கிடைத்தது என்பதுதான் மிச்ச வரலாறு.

சென்னை நகரத்துக்கு முதலில் கிடைத்தது. 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம்வரை வந்தது. 1914இல் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்து, வடித்த நீர் குழாயில் ஓடத் தொடங்கியது. தி.நகரின் மேட்லி சாலை அவர் பெயரில்தான். எங்கள் வீட்டிலிருந்து பாண்டி பஜாருக்கு மேட்லி சுரங்கப்பாதை வழியாகத்தான் போவேன். ஒரு மழைக்கே முட்டளவு தண்ணீர் நிற்கும் அந்தப் பாதைக்குக் குடிநீர்ப் பொறியாளரின் பெயர் என்பது நகரத்தின் நகைச்சுவை. அப்பத்தாவின் காலில் கொப்புளம் வந்தது அந்த வடிகட்டிகளுக்கு நாற்பது வருஷம் கழித்து. நகரத்துக்கும் அவள் ஊருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான மைல்கள் மட்டும் இல்லை.

கிராமத்துக்கு வந்தது அடிபம்பு. ஊருணியில் கால் படாமல், நிலத்தடியிலிருந்து மூடிய குழாய் வழியாக வரும் நீரில் சைக்ளோப்ஸ் இல்லை. ஆனால் 1960களில் ஆழ்துளைக் கிணறுகளில் போட்ட வார்ப்பிரும்புப் பம்புகள், வெளிநாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்காகச் செய்தவற்றின் நகல்கள். ஒரு ஊரே நாள் முழுக்க அடித்தால் தாங்குமா? எந்த நேரத்தில் எண்ணினாலும் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. பம்பு கெட்டால் மக்கள் மறுபடி ஊருணிக்கு. 1970களில் யூனிசெஃப், மத்திய அரசு, சென்னையிலிருந்த மெராடோ என்ற இயந்திரவியல் ஆய்வு நிறுவனம், சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலை எல்லாம் சேர்ந்து, மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்துப் புதிய ஒன்றை வடிவமைத்தார்கள். கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்தார்கள். இந்தியா மார்க் டூ. 1970களின் கடைசியில் சென்னையில் உற்பத்தி தொடங்கியது. காப்புரிமை இல்லாத, யாரும் செய்யக்கூடிய வடிவம். நாங்கள் இன்று ஓப்பன் சோர்ஸ் என்று பெருமையாகச் சொல்வதை இரும்பில் செய்திருக்கிறார்கள். நெம்புகோல் முனையில் வளைந்த தகடும் சங்கிலியும் இருக்கும் அந்த உருவத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அடையாளம் தெரியும். உலகத்தில் மிகப் பரவலாகப் பயன்படும் கைப்பம்பு வகை அதுதான் என்பார்கள்.

1980களின் தொடக்கத்தில் தேசிய கினிப் புழு ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தது. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்கள். 1984இல் நாடு முழுக்க ஏறக்குறைய 40,000 நோயாளிகள், 12,000க்கும் மேற்பட்ட கிராமங்களில். செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் சாதாரணமாக இருக்கும். புழுவின் படம் போட்ட அட்டையோடு வீடு வீடாகப் போய் ‘இந்த மாதிரி யாருக்காவது இருக்கா?’ என்று கேட்டார்கள். பள்ளியிலும் சந்தையிலும் கேட்டார்கள். படிக்கிணறுகளை மூடி, கயிறு போட்டு இறைக்கிற கிணறுகளாக மாற்றினார்கள். தண்ணீரில் சைக்ளோப்ஸைக் கொல்லும் மருந்து விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். ஏழு மாநிலங்களில் முதலில் விடுபட்டது தமிழ்நாடு, எண்பதுகளின் முதல் பாதியிலேயே. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று சான்றளித்தது.

நான் பொங்கலன்று அப்பத்தாவைத் திருத்தியதற்குப் பதினொரு மாதம் முன்பு.

உலகத்தில் 1986இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024இல் 15 பேருக்கு மட்டும் பதிவானது. ஆப்பிரிக்காவில் சில நாடுகளில், நாய்களிடமும் ஒளிந்துகொண்டு, கடைசி மூச்சில் இருக்கிறது. தனக்கு முன்னால் கடைசிப் புழு சாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஜிம்மி கார்ட்டர் அதைப் பார்க்காமல் 2024 டிசம்பரில் இறந்துபோனார்.

*

மனித வரலாற்றில் பெரியம்மைக்கு அடுத்து முழுசாக ஒழியப்போகும் மனித நோய் இதுவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களிடம் நரம்புச் சிலந்தி என்று சொல்லிப்பாருங்கள், பாதிப் பேருக்குச் சொல்லே தெரியாது. எட்டுச் சிலந்தி எல்லோருக்கும் தெரியும். இல்லாத சிலந்திக்கு எண் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, ‘ஆராய்ச்சி’ இருந்தது. இருந்த சிலந்திக்கு ஒரு கிழவியும் ஒரு தழும்பும்தான். இரண்டையும் விசாரிக்காமலேயே நான் ஒன்றை நம்பி அனுப்பினேன், இன்னொன்றைச் சிரித்துத் தள்ளினேன். பகுத்தறிவு என்று அப்போது நினைத்தேன். இப்போது பார்த்தால் இரண்டு இடத்திலும் நான் பார்த்தது யார் சொன்னார்கள் என்பதை மட்டும்தான். ஒழிப்புத் திட்டத்துக்காரர்கள் இதற்கு நேர்மாறு. படிக்காத பெண்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘இந்த மாதிரி இருக்கா?’ என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். அந்த நோய் ஒழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. 90களில் அப்பத்தா எங்களோடு கோடம்பாக்கத்துக்கு வந்தபோது ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் கொண்டுவந்தாள். நாலாக மடித்து, குடத்தின் வாயில் கட்டி, அதன் வழியாகத்தான் தண்ணீர் ஊற்றுவாள். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரையும், லாரித் தண்ணீரையும், கடைசிக் காலத்தில் கேன் தண்ணீரையும்கூட. “மெட்ராஸ் தண்ணில என்ன அப்பத்தா இருக்கு, மீனா?” என்று கேலி செய்வோம். “ஆபீசர் சொன்னாரு, துணி கட்டணும்னு” என்பாள். எந்த ஆபீசர், எந்த வருஷம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவள் ஊர்த் திண்ணைக்கு வந்த ஏதோ ஒரு சுகாதாரப் பணியாளராக இருக்கும். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது.

மறுநாள் சாயங்காலம் மகளை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். 2001 பொங்கலையும் சொன்னேன், யாஹூ குழுவையும் சொன்னேன். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் வெகுநேரம் புழுவின் நீளத்தைத் தரையில் கை வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

“அப்போ துணியைக் குடத்து வாயிலதான் கட்டணும். நம்ம வாயில இல்ல” என்றாள்.

அம்மா சிரித்துவிட்டாள். “அவ இருந்திருந்தா ஒன்னைய மடியில வச்சுக் கொஞ்சியிருப்பா” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: “ஒன்னைப் பத்தி அவ ஒருநாளும் குறையா சொன்னதில்லடா. ‘படிக்கிற புள்ள, அதுக்குத் தெரிஞ்சிருக்கும்’னுதான் சொல்லுவா. அப்புறம் கொஞ்ச நாள் அவளே எங்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தா, ‘நெசமாவே அது செலந்தி இல்லையோ?’ன்னு.”